இக்சஸ் 70-ஆ, இக்சஸ் 285-ஆ? சட்டைப்பைக் கேமரா இரண்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் படம் அச்சடிக்கும் கடையொன்றில் பல வருடமாக வேலை செய்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் திருவிழா முடிந்த மறுநாள் கடை நிரம்பிவிடும். முன்பெல்லாம் பெரியவர்கள் வருவார்கள். இப்போது பிள்ளைகள் வருகிறார்கள், கையில் ஒரு பழைய கேமராவோடு. "அண்ணே, அப்பாவோட அலமாரியில கெடச்சது. இது நல்லதா, புதுசு வாங்கணுமா?" ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எத்தனையோ கேமரா இருக்க, ஏன் இந்த இரண்டு மட்டும்?

இரண்டும் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் தேயத் தேயப் பயன்படுத்தியிருக்கிறேன். கேனன் இக்சஸ் 70 வந்தது 2007-இல். அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வாங்கினார். இக்சஸ் 285 எச்எஸ் வந்தது 2016-இல். ஒரே குடும்பம், நடுவே ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்தில் எது கூடியது, எது காணாமல் போனது என்பதை இவற்றை அருகருகே வைத்தால் தெளிவாகப் பார்க்கலாம். உங்களிடம் இருப்பது வேறு கம்பெனிக் கேமராவாக இருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை எடுப்பது?

வீட்டில் ஏற்கெனவே இக்சஸ் 70 இருந்து, அது வேலையும் செய்தால், வேறு வாங்காதீர்கள். பகலில் ஆட்களை எடுக்க அது தாராளமாகப் போதும். கோயில் மேடையைத் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும், வீடியோ வேண்டும், படத்தை உடனே கைப்பேசிக்கு அனுப்ப வேண்டும் என்றால் 285. இரண்டும் இல்லாமல் முதல்முறை வாங்குகிறீர்கள் என்றால், கீழே பூஞ்சையைப் பற்றிய பதிலைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஒன்று 7 மெகாபிக்சல், இன்னொன்று 20. மூன்று மடங்கு தெளிவு வருமா?

வராது. நான் தினமும் அச்சடிப்பவன் என்பதால் அச்சுக் கணக்கிலேயே சொல்கிறேன். 4ஆர் அட்டை 4 அங்குலத்துக்கு 6 அங்குலம். அதைக் கூர்மையாக அச்சடிக்க 1200-க்கு 1800 புள்ளி போதும், அதாவது சுமார் 2 மெகாபிக்சல். இக்சஸ் 70 தரும் படம் 3072-க்கு 2304. அதை 8ஆர் (8-க்கு 10 அங்குலம்) அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாலும் குறை தெரியாது. 285 தருவது 5184-க்கு 3888. சுவர் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும், அல்லது கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும் என்றால் அது உதவும்.

ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. 285-இன் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, கொஞ்சம்தான் பெரிது; அதற்குள் மூன்று மடங்குப் புள்ளிகளை அடைத்திருக்கிறார்கள். இக்சஸ் 70-இன் ஒவ்வொரு புள்ளியும் 285-இன் புள்ளியைப் போல இரண்டரை மடங்கு பரப்பு. 285-இன் சென்சார் பின்புறமாக ஒளி வாங்கும் புதிய வகை என்பதால் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் சூமை முழுதாக நீட்டும்போது லென்ஸின் துவாரம் எஃப் 7.0 ஆகச் சுருங்குகிறது (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும், ஒளி குறையும்). அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி விரிந்து மங்கும், இது இயற்பியல். அந்த இடத்தில் 20 மெகாபிக்சலும் வேலைக்கு வருவதில்லை.

சிசிடி கேமராவில் நிறம் தனி அழகு என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதை நம்பித்தான் பிள்ளைகள் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

இக்சஸ் 70-இல் இருப்பது சிசிடி சென்சார். 285-இல் இருப்பது சிமாஸ் என்ற இன்னொரு வகை. சிசிடி என்பதாலேயே நிறம் மாறுவதில்லை. சென்சாருக்கு நிறமே தெரியாது. அதன்மேல் பூசியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டியும், உள்ளே இருக்கும் செயலி அதை எப்படிச் சமைக்கிறது என்பதும்தான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. இதற்குச் சாட்சி வேண்டுமா? இதே கேனன் 2017-இல் விட்ட இக்சஸ் 185-உம் சிசிடிதான், 20 மெகாபிக்சல். அதில் எடுத்த படம் யாருக்கும் 2007-ஐ நினைவூட்டாது. ஆகவே விற்பவர் "சிசிடி" என்று சொன்னதற்காக மட்டும் ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது, நானே பார்க்கிறேன். என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 2008-இல் ஒருநாள் விடியற்காலை, இருட்டு விலகும் முன், இக்சஸ் 70-ஐ எடுத்துக்கொண்டு மரங்கள் வரிசையாக நிற்கும் நிரைக்குப் போனேன். நெற்றியில் விளக்கு, கையில் உளி. அம்மா குனிந்து பட்டையைச் சீவிவிட்டு நிமிர்ந்தபோது ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். மரத்தில் ஈரப்பட்டையின் செம்பழுப்பு, வெட்டுக்கோட்டில் ஓடும் பால், கீழே பாதி நிரம்பிய மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), அம்மாவின் கன்னத்தில் கொசுமருந்தின் மினுமினுப்பு. பின்னால் எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பை அந்தக் கேமரா கறுப்பாகவே விட்டுவிட்டது. புதிய கேமராக்களும் கைப்பேசிகளும் நிழலைக் கிளறி வெளிச்சமாக்கப் பார்க்கும், முகத்துச் சுருக்கத்தை வழுவழுப்பாக்கும். பழையது அதைச் செய்யாது. "தனி அழகு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான் என்பது என் எண்ணம்.

அதற்கு விலையும் உண்டு. அதே படத்தில் மங்கிலிருந்த பால் வெறும் வெள்ளைப் பொட்டாகப் போய்விட்டது. மடிப்போ நுரையோ தெரியாது. நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டியும் இப்படித்தான் வெளுத்துப் போகும். இரண்டு கேமராவிலும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. வெள்ளைத் துணி, விபூதி, பால்குடம் என்று வரும்போது அதை மைனஸ் மூன்றில் இரண்டுக்கு (-2/3) இறக்கி வையுங்கள். இருண்டதைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம். வெளுத்துப் போனதை யாராலும் மீட்க முடியாது.

இரவுத் திருவிழாவுக்கு எது?

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாதிக்கு மேல் இரவில்தான் நடக்கிறது. அதனால் இது முக்கியம்.

சூம் போடாமல் நின்றால் இக்சஸ் 70-இன் லென்ஸ் எஃப் 2.8. 285-இன் லென்ஸ் எஃப் 3.6. பழையதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஒளி கிடைக்கிறது. ஆனால் பழையதில் ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டினால் படத்தில் மணல் கொட்டியது போல் ஆகிவிடும், கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் அதில் இல்லை. 285-இல் அந்த வசதி லென்ஸிலேயே இருக்கிறது. சாமி அலங்காரம், விளக்கு, கோபுரத்து மின்விளக்கு போன்ற அசையாத பொருள்களுக்கு 285 வெல்லும்.

ஆடுகிறவர்களுக்கு அது உதவாது. கேமராவின் நடுக்கத்தைத்தான் அது தாங்கும், காவடியின் ஆட்டத்தை அல்ல. உறுமி ஏறி, காவடிக்காரர் சுழலும்போது எந்தக் கேமராவானாலும் ஃபிளாஷ் போட்டுத்தான் ஆக வேண்டும். இந்தக் கேமராக்களின் ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டர் போனால் பெரிது. எனவே கிட்டப் போங்கள். முதலில் அவரிடமோ கூட வரும் உறவினரிடமோ ஒரு தலையசைப்பில் அனுமதி வாங்குங்கள். அருள் வந்திருப்பவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்க வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள்.

இரண்டிலும் ஸ்லோ சிங்க்ரோ என்ற ஃபிளாஷ் முறை உண்டு. ஃபிளாஷ் அடித்த பிறகும் ஒளியை உள்ளே விடும் கதவு (ஷட்டர்) சற்று நேரம் திறந்தே இருக்கும். ஆள் தெளிவாகவும், பின்னால் சரவிளக்குகள் கோடு கோடாக இழுத்தும் விழும். தீமிதிக்கு இது மிகப் பொருத்தம், தணல் சிவப்பாகவே வரும். சாதாரண ஃபிளாஷில் தணல் வெறும் சாம்பலாகத்தான் தெரியும்.

தூரம் வேண்டுமா? இக்சஸ் 70 மூன்று மடங்கு சூம், 35 முதல் 105 மி.மீ. வரை. 285 பன்னிரண்டு மடங்கு, 25 முதல் 300 வரை. தீக்குழிக்குக் கயிறு கட்டி நம்மைத் தள்ளி நிறுத்திய இடத்திலிருந்து அக்கா மகன் இறங்குவதை எடுக்க 300 வேண்டும்தான். ஆனால் இரவில் எஃப் 7.0-இல் ஆடும் உருவம் கலங்கித்தான் வரும். அந்த 300 மாலை வெளிச்சத்துக்கானது.

ஃபிளாஷ் போட்டால் வெள்ளை வட்டம் வட்டமாக விழுகிறதே, அது என்ன?

கடையில் மிகுந்த மரியாதையோடும் கொஞ்சம் பயத்தோடும் கேட்கப்படும் கேள்வி இது. முனீஸ்வரர் சன்னிதி மரத்தடியில் எடுத்த படம் என்றால் கேட்பவர் குரலே தாழ்ந்துவிடும். சாமி மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்த வட்டங்கள் தூசியும் பனித்துளியும் சாம்பிராணிப் புகையின் துகளும்தான். சட்டைப்பைக் கேமராவில் ஃபிளாஷ் லென்ஸுக்கு இரண்டு விரல்கடை தள்ளி இருக்கிறது. லென்ஸுக்கு மிக அருகே மிதக்கும் துகளில் ஒளி பட்டு நேரே திரும்பிவிடும். அருகில் இருப்பதால் கூர்மை இழந்து வட்டமாக விழும். பெரிய கேமராவில் ஃபிளாஷ் உயரத்தில் இருப்பதால் இது குறைவு. மழைத்தூறலிலும் தீமிதிச் சாம்பலிலும் ஃபிளாஷை அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள், வட்டம் இருக்காது.

வெயிலில் திரையே தெரியவில்லை, என்ன செய்ய?

285-இல் கையால் நிழல் கட்டுவதைத் தவிர வழியில்லை. இக்சஸ் 70-இல் மேலே ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருக்கிறது, கண்ணை வைத்துப் பார்த்து எடுக்கலாம். ஒன்பது வருடத்தில் நாம் இழந்தது இதுதான், எனக்கு இன்றும் அது வருத்தம். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் நடுத்திடலில் நின்று எடுக்க அதற்கு ஈடில்லை. திரையை அணைத்துவிட்டால் பேட்டரியும் நீடிக்கும். துவாரத்தில் தெரிவதைவிட படத்தில் சற்று அதிகமாகவே விழும், அதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

வீடியோ?

இதில் போட்டியே இல்லை. இக்சஸ் 70 எடுப்பது 640-க்கு 480. 1 ஜிபி கார்டு எட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எடுக்கும்போது லென்ஸ் சூமும் நகராது. வெளிச்சமான பல்பு திரைக்குள் வந்தால் மேலிருந்து கீழாக ஊதாக் கோடு ஒன்று விழும், அது சிசிடியின் குணம். 285 முழு எச்டி, எம்பி4. சில எல்இடி சரவிளக்குகளின் கீழ் அதன் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் நகரலாம். சிமாஸ் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வருவது அது, பழுதல்ல.

கடையில் 64 ஜிபி கார்டு வாங்கினேன், இக்சஸ் 70 ஏற்கவில்லை. கேமரா கெட்டுவிட்டதா?

இல்லை. 64 ஜிபியும் அதற்கு மேலும் எஸ்டிஎக்ஸ்சி வகை. 2007-இல் அந்த வகையே கிடையாது. 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டு போடுங்கள். ஒரு படம் சுமார் 3 எம்பி என்பதால் 8 ஜிபியே நிறைவு. 285 எஸ்டிஎக்ஸ்சியையும் ஏற்கும்.

பேட்டரி இன்னும் கிடைக்கிறதா?

இக்சஸ் 70-க்கு என்பி-4எல், 285-க்கு என்பி-11எல்எச். ஒன்று மற்றதில் பொருந்தாது, சார்ஜரும் வேறு வேறு. சார்ஜர் இல்லாமல் விற்கும் கேமராவை வாங்கிவிட்டு, கைப்பேசிக் கம்பியைச் செருகிச் சார்ஜ் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டிலும் அது நடக்காது. புதியதுதான் நீடிக்கும் என்றும் எண்ண வேண்டாம்: கம்பெனிக் கணக்கில் இக்சஸ் 70-க்கு ஒரு சார்ஜில் சுமார் 210 படம், 285-க்கு சுமார் 180. திருவிழாவுக்குப் போனால் இரண்டு பேட்டரி எடுத்துப் போங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். சிக்கிக்கொண்டால் கேமராவை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

லென்ஸ் உள்ளே வலை பின்னியது போல் இருக்கிறதே?

பூஞ்சை. நம் ஊரில் கேமராவின் முதல் எதிரி கீழே விழுவதல்ல, இதுதான். ரப்பர்க் காடும் செம்பனையும் சூழ்ந்த ஊர், பின்னேரம் தவறாமல் மழை, பலகை வீடு. காற்றில் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், லென்ஸின் பூச்சின்மேல் பூஞ்சை வேர்விடும். துணி அலமாரி அதற்குச் சொர்க்கம்: இருட்டு, காற்றோட்டமில்லை, ஈரத்துணி.

வாங்கும் முன் கேமராவை ஆன் செய்து லென்ஸை வெளியே வரவைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நூல் நூலாக, மரத்து வேர் போல் தெரிந்தால் வேண்டாம். முன்கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைக்கலாம். உள்ளே வந்துவிட்டால், இவ்வளவு சின்ன லென்ஸைப் பிரித்துக் கழுவுவது கேமராவின் விலையைவிடச் செலவு.

இந்தப் பாடத்தை நான் ஒரு நல்ல லென்ஸை இழந்து கற்றேன். தோல் உறையிலேயே வைத்து எட்டு மாதம் திறக்காமல் விட்டேன், தோலே ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது. இப்போது தீபாவளிப் பலகாரம் வைக்கும் காற்றுப்புகாத டப்பா ஒன்றில், உறையில்லாமல், சிலிக்கா ஜெல் பையோடு வைக்கிறேன். நீல மணி இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், வேண்டாம், மாவுத்தூள் லென்ஸ் மடிப்புக்குள் போகும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறையாவது எடுத்து வெளிச்சத்தில் நாலு படம் எடுங்கள்.

லென்ஸ் பாதியில் நின்றுவிட்டது.

எந்தக் கம்பெனியின் நீளும் லென்ஸுக்கும் வரும் வியாதி இது. முதலில் முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி போட்டுப் பாருங்கள், பல சமயம் அவ்வளவுதான். பிறகு ஊதுபந்தால் விளிம்பில் ஊதி மணலை வெளியேற்றுங்கள். விரலால் அழுத்தித் தள்ளாதீர்கள்; உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம். கால்சட்டைப் பையில் வைக்கும்போது தானாக ஆன் ஆகி லென்ஸ் துணியில் முட்டி நிற்பதுதான் பெரும்பாலும் தொடக்கம்.

என் கேமரா இன்னும் பழையது, 2003. படம் ஊதாவாக, கோடு கோடாக வருகிறது.

2002 முதல் 2004 வரையில் வந்த பல கம்பெனிகளின் கேமராக்களில் இருந்த சிசிடி ஒருவகைக் கோளாறுக்கு உள்ளானது. வெப்பமும் ஈரமும் நிறைந்த இடங்களில் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய இணைப்பு விட்டுப்போகும். 2005-இல் கம்பெனிகளே இதை அறிவித்து இலவசமாக மாற்றித் தந்தன. இப்போது அதை எதிர்பார்க்க முடியாது. இக்சஸ் 70 அதற்குப் பிந்தியது.

ஜப்பானிலிருந்து வந்தது என்று விற்கிறார்கள், வாங்கலாமா?

வாங்கலாம். அங்கே இக்சஸ் 70-இன் பெயர் இக்சி டிஜிட்டல் 10, 285-இன் பெயர் இக்சி 650. மெனுவில் ஆங்கிலம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில கம்பெனிகளின் ஜப்பானியக் கேமராவில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். சார்ஜர் நம் மின்சாரத்தைத் தாங்கும், முள் மட்டும் தட்டையாக இருக்கும். மூன்று முள் மாற்றி ஒன்று வாங்கினால் போதும்.

285-ஐ மறுபடி புதிதாக விற்கிறார்களாமே?

ஆம். 2025-இல் அதையே பெயரில் ஓர் எழுத்து சேர்த்து மறுபடி விட்டார்கள். எஸ்டிக்குப் பதில் மைக்ரோ எஸ்டி கார்டு. மற்றபடி அதே லென்ஸ், அதே 20 மெகாபிக்சல். 2016-இல் அமெரிக்காவில் 210 டாலருக்கு விற்றது 2025-இல் 380 டாலருக்கு வந்தது. அந்த விலை எனக்கு நியாயமாகப் படவில்லை.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

இருட்டில் உங்கள் கைப்பேசி இரண்டையும் வென்றுவிடும், மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் எடுத்தது வாட்ஸ்அப்பில் போய், சுருங்கி, கைப்பேசி தொலையும்போது அதோடு தொலைகிறது. கேமராவோடு வருகிறவர்கள் அச்சடிக்க வருகிறார்கள். கடைக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை: என் வீட்டுச் சுவரில் இருப்பதெல்லாம் கேமராவில் எடுத்தவைதான்.

அலமாரியில் கேமரா கிடைத்துவிட்டது. முதலில் என்ன செய்ய?

ஆன் செய்யாதீர்கள். முதலில் கார்டை வெளியே எடுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், அதைப் பூட்டும் பக்கம் தள்ளிவிடுங்கள். இனி யாரும் தவறி அழிக்க முடியாது. கார்டு ரீடரில் போட்டு, டிசிஐஎம் (DCIM) என்ற கோப்புறையை முழுதாகக் கணினிக்கு நகல் எடுங்கள். கணினியோ கேமராவோ "ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள். இந்தக் கார்டுகள் மின்னூட்டத்தில்தான் படத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. பல வருடம் சும்மா கிடந்தால் அது மெல்லக் கசியும். கேமராவின் தேதியை நம்ப வேண்டாம். நீண்டநாள் பேட்டரி இல்லாமல் கிடந்திருந்தால் புதிதாக எடுப்பவை தவறான வருடத்தில் பதிவாகும்.

போன மாதம் இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி ஓர் இக்சஸ் 70-ஐக் கொண்டு வந்தாள். கேமரா திறக்கவில்லை, லென்ஸ் இறுகியிருந்தது. கார்டை எடுத்துப் போட்டேன். நாலைந்து தீபாவளி, ஒரு காதுகுத்து, பிறகு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசல் ஒன்று: தகரக் கூரை, தண்ணீர்ப் பீப்பாய், படியில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும் பாட்டி. அந்த லயத்தை இடித்துச் செம்பனை போட்டு வருடங்கள் ஆகிவிட்டன, அவளுக்கு அந்த வீடே நினைவில்லை. பெரிதாக்கிப் பார்த்தோம். கதவில் சாக்குக்கட்டியால் எழுதிய வீட்டு எண் தெளிவாகத் தெரிந்தது. 4ஆர் அளவில் மூன்று நகல் கேட்டாள்: வீட்டுக்கு ஒன்று, கோலாலம்பூரிலிருக்கும் சித்திக்கு ஒன்று, மூன்றாவது சாமி அறையில் பாட்டி படத்துக்குக் கீழே வைக்க.